முதலில் எது விட்டது?

கட்டடம் இடிந்த செய்தி காலையில் வந்தால், மாலைக்குள் காரணமும் வந்துவிடும். மழையில் மண் இளகிவிட்டது என்பார்கள். கம்பியைக் குறைத்துவிட்டார்கள், சிமென்ட் சரியில்லை என்பார்கள். 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தபோது, இடி விழுந்ததுதான் காரணம் என்றுகூட ஒரு பேச்சு அடிபட்டது. இந்தக் காரணங்களில் ஏதோ ஒன்று உண்மையாகவே இருக்கலாம். ஆனால் யாருக்கும் தோன்றக்கூடிய ஒரு எளிய கேள்விக்கு இவை பதில் சொல்வதில்லை. நேற்றும் அதே மண், அதே கம்பி, அதே சிமென்ட்தானே? நேற்று நின்றது இன்று ஏன் விழுந்தது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். அடிப்படையில் அவர்கள் கட்டமைப்புப் பொறியாளர்கள். நாம் பேச்சில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் என்கிறோமே, அவர்கள்தான். வீட்டின் அறை எப்படி இருக்க வேண்டும், ஜன்னல் எந்தப் பக்கம் வர வேண்டும் என்பது கட்டடக் கலைஞரின் வேலை. அந்த அறையின் பாரத்தை எந்தத் தூண் எவ்வளவு சுமக்கும், எந்த உத்தரத்துக்குள் எத்தனை கம்பி போக வேண்டும் என்று கணக்குப் போடுவது கட்டமைப்புப் பொறியாளரின் வேலை. பத்து இருபது வருடம் இந்தக் கணக்கைப் போட்டுப் பழகியவர்களில் சிலர் எதிர்த்திசையில் வேலை செய்யத் தொடங்குகிறார்கள். வரைபடத்திலிருந்து கட்டடத்துக்குப் போவதற்குப் பதிலாக, இடிபாட்டிலிருந்து வரைபடத்துக்குத் திரும்புகிறார்கள். இதைத் தடயவியல் பொறியியல் என்று சொல்லலாம். இது எப்படி நடக்கிறது, இதில் கிடைக்கும் முடிவை எவ்வளவு நம்பலாம் என்பதைப் புரிந்துகொள்ள, மிக நுணுக்கமாக ஆராயப்பட்ட ஒரு விபத்தை எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள கான்சஸ் சிட்டியில், ஹயாத் ரீஜென்சி என்ற 40 மாடி ஹோட்டல் 1980 ஜூலையில் திறக்கப்பட்டது. அதன் முன்கூடம் நான்கு மாடி உயரத்துக்குத் திறந்த வெளியாக இருந்தது. கூடத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போக இரண்டாம், மூன்றாம், நான்காம் தளங்களில் நடைபாலங்கள். ஒவ்வொன்றும் சுமார் 37 மீட்டர் நீளம். கீழே தூண் எதுவும் கிடையாது, கூரையிலிருந்து இரும்புக் கம்பிகளில் தொங்கின. நான்காம் தளப் பாலத்துக்கு நேர் கீழே இரண்டாம் தளப் பாலம். மூன்றாம் தளப் பாலம் மட்டும் சற்றுத் தள்ளித் தனியாக இருந்தது.

1981 ஜூலை 17, வெள்ளிக்கிழமை மாலை. கூடத்தில் இசைக்குழு வாசிக்க, நடனப் போட்டி நடந்துகொண்டிருந்தது. பாலங்களில் நின்று பலர் வேடிக்கை பார்த்தார்கள். மணி ஏழைத் தாண்டிய சில நிமிடங்களில் நான்காம் தளப் பாலம் இரண்டாம் தளப் பாலத்தின் மேல் விழுந்தது. இரண்டும் சேர்ந்து கீழே இருந்த கூட்டத்தின் மேல் விழுந்தன. 114 பேர் இறந்தார்கள். 200க்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். மீட்புப் பணி விடிய விடிய நடந்தது.

முதல் விளக்கம் உடனே பரவியது. பாலத்தில் நின்றவர்கள் பாட்டுக்கு ஏற்பத் தாளம் போட்டு ஆடினார்கள், அந்த அதிர்வு பாலத்தின் இயல்பான அசைவோடு ஒத்துப்போய்ப் பெருகி அறுத்துவிட்டது என்றார்கள். கேட்பதற்கு அறிவியல் போலவே இருந்தது. ஒத்ததிர்வு என்பது உண்மையான நிகழ்வுதான், பாலங்களை அது ஆட்டிப் படைத்ததும் உண்டு. ஆனால் அது இங்கே நடந்ததா?

விசாரணைக்கு வந்தது, அப்போது நேஷனல் பியூரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸ் என்று அழைக்கப்பட்ட அமெரிக்க அரசின் தர நிர்ணய ஆய்வகம். நகர மேயரின் கோரிக்கையின் பேரில் வந்த அந்தக் குழுவுக்குத் தலைமை எட்வர்ட் ஃப்ராங். ஆய்வகத்தின் கட்டமைப்புப் பிரிவை நடத்தியவர். பின்னாளில் அமெரிக்கக் குடிசார் பொறியாளர் சங்கத்தின் நிர்வாக இயக்குநர் ஆனவர். இடிபாடு என்பது அந்த ஆய்வகத்துக்குப் புதிதல்ல. 1978இல் மேற்கு வர்ஜீனியாவின் வில்லோ ஐலண்டில் குளிர்விப்புக் கோபுரம் ஒன்றின் சாரம் சரிந்து 51 தொழிலாளர்கள் இறந்தார்கள். முந்தின நாள் போட்ட கான்கிரீட் இறுகுவதற்குள் அதன் மேல் பாரம் ஏற்றியதே காரணம் என்று நிறுவியது இதே ஆய்வகம். 1981 மார்ச்சில் ஃப்ளோரிடாவின் கோகோ பீச்சில் கட்டிக்கொண்டிருந்த ஐந்து மாடிக் குடியிருப்பு விழுந்து 11 பேர் இறந்தார்கள். அதையும் ஆராய்ந்தது இவர்கள்தான். கோகோ பீச்சில் கண்டதைப் பிறகு சொல்கிறேன், கான்சஸ் சிட்டி கதையோடு அதற்கு நெருங்கிய தொடர்பு உண்டு.

இப்படிப்பட்ட குழு இடிபாட்டுக்கு முன்னால் நிற்கும்போது கேட்கும் முதல் கேள்வி, யார் செய்த தவறு என்பது அல்ல. முதலில் எது விட்டது என்பதே. நூறு இடத்தில் முறிந்து கிடக்கும் இரும்பில் தொண்ணூற்றொன்பது முறிவுகள் விழுந்த பிறகு ஏற்பட்டவை. ஒன்று மட்டும்தான் விழுவதற்குக் காரணம். அதைக் கண்டுபிடிக்க உதவும் கருத்துக்குச் சுமைப் பாதை என்று பெயர். கட்டடத்தில் வைக்கும் எந்தப் பாரமும் கடைசியில் தரைக்குப் போய்ச் சேர வேண்டும். பாலத்தில் நிற்பவரின் எடை முதலில் தளத்துக்குப் போகிறது. தளத்திலிருந்து குறுக்கு உத்தரத்துக்கு, உத்தரத்திலிருந்து தூக்குக் கம்பிக்கு, கம்பியிலிருந்து கூரைக்கு, கூரையிலிருந்து தூண் வழியாக மண்ணுக்கு. இந்த வழியில் ஒவ்வொரு கைமாற்றமும் ஒரு இணைப்பு. உத்தரம் பலமாக இருக்கலாம், கம்பியும் பலமாக இருக்கலாம். இரண்டும் சந்திக்கும் இடம் பலவீனமாக இருந்தால் மற்ற பலம் எதுவும் உதவாது.

விழுந்த பாலங்களில் அந்த இடத்தைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. கூரையிலிருந்து வந்த தூக்குக் கம்பிகள் அறுபடவில்லை. அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன, நுனியில் நட்டும் வாஷரும் இருந்தன. கீழே கிடந்த உத்தரங்களின் முனைகள்தான் கிழிந்திருந்தன. அந்த உத்தரம் எப்படிச் செய்யப்பட்டது என்பது இங்கே முக்கியம். பகர வடிவில் வளைந்த இரண்டு இரும்புச் சேனல்களை எதிரும் புதிருமாக நிறுத்தி, விளிம்போடு விளிம்பு சேர்த்து வெல்டிங் செய்தால் நீளமான ஒரு பெட்டி கிடைக்கும். இது பெட்டி உத்தரம். கம்பி நுழைவதற்காக மேலும் கீழும் துளை போட்டார்கள். துளை விழுந்த இடமோ சரியாக அந்த வெல்டிங் கோட்டின் மேல். கம்பி துளை வழியாக இறங்க, அடியில் நட்டும் வாஷரும் உத்தரத்தைத் தாங்கிப் பிடித்தன. அதாவது, பாலத்தின் பாரம் முழுவதும் நட்டின் மேல் உட்கார்ந்த இடம், உத்தரத்திலேயே மெல்லிய இரண்டு விளிம்புகள் ஒட்டவைக்கப்பட்ட இடம். பாரம் ஏறியதும் விளிம்புகள் உள்நோக்கி மடங்கின. வெல்டிங் பிளந்தது. நட்டு உத்தரத்தைத் துளைத்து மேலே வெளியேறியது.

இது தெரிந்ததும் அடுத்த கேள்வி: அந்த நட்டின் மேல் எவ்வளவு பாரம் இருந்தது?

இங்கேதான் கான்சஸ் சிட்டி ஸ்டார் பத்திரிகை வருகிறது. அது வெயின் லிஷ்கா என்ற பொறியாளரை அமர்த்தியது. வரைபடத்தையும் விழுந்ததையும் ஒப்பிட்டு அவர் கண்டதை விபத்து நடந்து நான்கே நாளில் பத்திரிகை வெளியிட்டது. இந்த விபத்துச் செய்திகளுக்காக அந்த நிறுவனத்தின் இரு பத்திரிகைகளுக்கும் 1982இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. லிஷ்கா கண்டது இதுதான். முதல் வடிவமைப்பில் கூரையிலிருந்து ஒரே நீளக் கம்பி இறங்கி, நான்காம் தள உத்தரத்தைத் துளைத்துக்கொண்டு இரண்டாம் தளம் வரை போனது. கட்டும்போது அதை இரண்டு துண்டாக்கிவிட்டார்கள். மேல் கம்பி கூரையிலிருந்து நான்காம் தள உத்தரம் வரை. கீழ்க் கம்பி அதே உத்தரத்தில், சில அங்குலம் தள்ளிப் போட்ட இன்னொரு துளையிலிருந்து, இரண்டாம் தளம் வரை.

பழைய வீட்டு அடுக்களையில் உறி பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே விளங்கும். ஒரே கயிறு விட்டத்திலிருந்து தொங்குகிறது. அதில் மேல் முடிச்சில் ஒரு பானை, கீழ் முடிச்சில் ஒரு பானை. மேல் பானையைத் தாங்கும் முடிச்சுக்கு மேல் பானையின் எடை மட்டுமே. இப்போது கீழ்ப் பானையைத் தனிக் கயிற்றில் கட்டி, அந்தக் கயிற்றை மேல் பானையின் விளிம்பில் மாட்டுங்கள். விட்டத்துக்குப் போகும் மொத்தப் பாரம் மாறவில்லை. கயிறும் அதே பாரத்தைத்தான் சுமக்கிறது. ஆனால் மேல் முடிச்சு இரண்டு பானைகளையும் தாங்குகிறது. நான்காம் தள நட்டுக்கு நேர்ந்தது இதுவே. கம்பியின் வேலை கூடவில்லை, இணைப்பின் வேலை இரண்டு மடங்கானது.

ஏன் மாற்றினார்கள்? ஒரே நீளக் கம்பியில் நான்காம் தளத்து நட்டை ஏற்ற வேண்டுமானால், கீழ் நுனியிலிருந்து அதுவரை கம்பி முழுக்க மரை வெட்ட வேண்டும். தூக்கி நிறுத்தும்போது மரை நசுங்கும். இரண்டு துண்டாக்கினால் நுனிகளில் மட்டும் மரை போதும். இந்த இரும்பு வேலையைச் செய்த பட்டறைக்காரர் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயமான யோசனை.

பல பொறியியல் வகுப்புகளில் இந்தக் கதை இந்த இடத்தோடு முடிகிறது. நல்ல வடிவமைப்பு இருந்தது, பட்டறையில் மாற்றினார்கள், விழுந்தது. நான்கே நாளில் கிடைத்த பதில் அது. பிறகு ஏன் ஃப்ராங்கின் குழு 1982 பிப்ரவரி வரை வேலை செய்தது?

ஏனென்றால், வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது ஒன்று. அந்த வித்தியாசமே விழ வைத்தது என்று நிறுவுவது வேறு. குழு முதலில் பாரத்தை அளந்தது. இடிபாடுகளை எடைபோட்டார்கள். வரைபடத்தை வைத்துக் கணக்கிட்டதைவிடப் பாலம் சற்றுக் கூடுதல் கனமாகவே இருந்தது, மேலே கூடுதலாகப் போட்ட கான்கிரீட் பூச்சால். இப்படிப் பாலத்தின் சொந்த எடையாக எப்போதும் இருப்பதை நிலைச் சுமை என்றும், வந்து போகும் மனிதர்களின் எடையை இயங்கு சுமை என்றும் பிரிப்பார்கள். இயங்கு சுமையை எப்படி அறிவது? நடனப் போட்டியைப் படம் பிடிக்க உள்ளூர் தொலைக்காட்சிக் குழு ஒன்று அன்று வந்திருந்தது. அந்த வீடியோவையும் சாட்சிகள் சொன்னதையும் வைத்துத் தலைகளை எண்ணினார்கள். இரண்டு பாலங்களிலும் சேர்த்து அறுபது பேரளவில்தான் நின்றிருந்தார்கள். அந்த நகரின் கட்டட விதி அப்படிப்பட்ட பாலத்தில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 490 கிலோ இயங்கு சுமையை எதிர்பார்க்கச் சொல்கிறது. அதாவது தோளோடு தோள் இடித்துக்கொண்டு பாலம் முழுக்க நெரிசலாக நின்றாலும் தாங்க வேண்டும். அன்று இருந்த கூட்டம் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆகவே கூட்டம் அதிகம் என்ற விளக்கம் அடிபட்டுப் போனது. அசையாமல் நின்றவர்களின் எடையே போதுமாக இருந்ததால், ஆடியதால் வந்த அதிர்வு என்ற விளக்கத்துக்கும் தேவை இல்லாமல் போனது.

அடுத்து, இணைப்பின் பலம். கிழிந்துபோன ஒன்றைப் பார்த்து அது கிழிவதற்கு முன் எவ்வளவு தாங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் மேரிலாந்தில் இருந்த ஆய்வகத்தில் அதே வகைச் சேனலை வாங்கி, அதேபோல வெல்டிங் செய்து, அதே அளவு துளை போட்டு, கம்பியை மாட்டி நட்டைப் போட்டு, விடும் வரை பாரம் ஏற்றினார்கள். மாதிரிகள் விட்ட விதத்தையும் கான்சஸ் சிட்டியில் கிடந்த உத்தர முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். விளிம்பு மடங்கிய விதமும் நட்டு வெளியேறிய விதமும் ஒத்துப்போயின. இந்த ஒற்றுமைதான் ஆதாரம். சோதனைச் சாலையில் வேறு மாதிரி உடைந்திருந்தால், கணக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் தூக்கிப் போட்டிருக்க வேண்டும்.

விழாத மூன்றாம் தளப் பாலமும் சாட்சி சொன்னது. விபத்து நடந்த சில நாட்களிலேயே ஹோட்டல் உரிமையாளர்கள் அதை இரவோடு இரவாகக் கழற்றி இறக்கிவிட்டார்கள். அது இருந்த நிலையிலேயே அளந்திருக்க வேண்டியது, அந்த வாய்ப்புப் போனது பெரிய இழப்பு என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் அதன் உத்தரங்களைப் பார்க்க முடிந்தது. அந்தப் பாலம் தன்னை மட்டுமே தாங்கியது, அதன் அடியில் வேறு பாலம் தொங்கவில்லை. அப்படியிருந்தும் நட்டு அழுத்திய இடத்தில் விளிம்புகள் வளைந்திருந்தன. ஒரே பாரத்திலேயே அந்த இணைப்பு திணறியிருக்கிறது.

இந்தத் தடயம் கதையையே மாற்றியது. குழுவின் முடிவின்படி, கட்டப்பட்ட இணைப்பின் பலம் நகர விதி கோரியதில் ஏறத்தாழ 30 சதவீதம்தான். ஒரே கம்பியாக இருந்த முதல் வடிவமைப்பின்படி கட்டியிருந்தால்? ஏறத்தாழ 60 சதவீதம். அதாவது மாற்றாமல் விட்டிருந்தாலும் அது விதிக்குப் பொருந்தாத இணைப்பே. அன்று மாலை விழுந்திருக்காது என்று சொல்லலாம், ஆனால் நல்ல வடிவமைப்பு என்று சொல்ல முடியாது. இரும்பின் தரமோ வேலைப்பாடோ இதில் குறிப்பிடத்தக்க பங்கு வகிக்கவில்லை என்றும் குழு சொன்னது. நான்கு நாளில் கிடைத்த பதில் பொய்யல்ல. ஆனால் அதோடு நின்றிருந்தால், கம்பியை மாற்றாமல் இருந்தால் போதும் என்ற தவறான பாடத்தையே எல்லோரும் எடுத்துப் போயிருப்பார்கள்.

நேற்று நின்றது இன்று ஏன் விழுந்தது என்ற கேள்விக்கும் இப்போது பதில் கிடைக்கிறது. இணைப்பின் பலத்தில் பெரும்பகுதியை நிலைச் சுமையே தின்றுவிட்டது. எந்தக் கட்டடத்திலும் எதிர்பார்க்கும் பாரத்துக்கும் உடையும் பாரத்துக்கும் நடுவே வேண்டுமென்றே ஒரு இடைவெளி விடுவார்கள், அது பாதுகாப்பு இடைவெளி. இங்கே அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. திறந்த நாளிலிருந்து அந்தப் பாலம் விழும் நிலையிலேயே நின்றது. அன்று மாலை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மீதி இருந்த கொஞ்சத்தை நிரப்பினார்கள், அவ்வளவே. முதலில் விட்ட இடத்தையும் குழு குறித்தது. நான்காம் தளப் பாலத்தின் நடு உத்தரம், அதன் கிழக்கு முனை. அது விட்டதும் அதன் பாரம் அக்கம்பக்கத்து இணைப்புகளுக்குப் போனது. அவையும் அதே போன்ற இணைப்புகள், ஏற்கெனவே நிரம்பியவை. பாரத்துக்கு மாற்றுப் பாதை இல்லை.

அப்படியானால் இந்த இணைப்பின் பலத்தைக் கணக்கிட்டவர் யார்? யாரும் இல்லை என்பதே பதில். இணைப்பைப் பட்டறை பார்த்துக்கொள்ளும் என்று பொறியாளர் தரப்பு விட்டது, பொறியாளர் வரைந்ததைத்தானே செய்கிறோம் என்று பட்டறைத் தரப்பு விட்டது. மாற்றத்தைத் தொலைபேசியில் கேட்டு ஒப்புதல் வாங்கியதாகப் பட்டறை சொன்னது, பொறியாளர்கள் அதை மறுத்தார்கள். பட்டறை வரைபடத்தில் பொறியாளர் நிறுவனத்தின் முத்திரை மட்டும் இருந்தது. முன்பு சொன்ன கோகோ பீச் குடியிருப்பிலும் இதே கதைதான். தூணுக்கு மேல் உட்காரும் தளத்தைத் தூண் துளைத்துக்கொண்டு மேலேறும் அபாயம் உண்டு, துளைவெட்டு என்று அதைச் சொல்லலாம். அந்தத் தூணும் தளமும் சேரும் இடத்துக்கான துளைவெட்டுக் கணக்கையே அங்கே போடவில்லை என்று கண்டார்கள். ஒரே வருடத்தில், ஒரே ஆய்வகத்தின் மேசைக்கு வந்த இரண்டு கட்டடங்கள். இரண்டிலும் விட்டது இணைப்பு, இரண்டிலும் விடுபட்டது கணக்கு.

யார் மேல் தவறு என்று ஆய்வகம் சொல்லவில்லை. அது அதன் வேலையும் அல்ல. இந்த ஆய்வகத்தின் அறிக்கையை இழப்பீட்டு வழக்குகளில் சாட்சியமாகப் பயன்படுத்தக் கூடாது என்றே இன்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. இது நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து. இடிபாட்டைப் பார்க்க வரும் பொறியாளர்களில் பலர் உரிமையாளருக்காகவோ காப்பீட்டு நிறுவனத்துக்காகவோ எதிர்த்தரப்புக்காகவோ வருகிறார்கள். அவர்களிலும் நேர்மையானவர்கள் உண்டு. ஆனால் முதலில் எது விட்டது என்று மட்டும் கேட்கும் ஒருவராவது அங்கே இருக்க வேண்டும், அவர் சொல்வதற்கு வழக்கின் நிழல் படக் கூடாது. பொறுப்பைத் தீர்மானிக்கும் வேலை தனியாக நடந்தது. மிசௌரி மாநிலத்தில் நடந்த விசாரணையில் 1985இல் ஹோட்டலின் கட்டமைப்புப் பொறியாளர் ஜாக் கில்லமும் அவருடைய திட்டப் பொறியாளரும் பெரும் அலட்சியம் காட்டியதாகத் தீர்ப்பானது. அவர்களுடைய உரிமம் பறிக்கப்பட்டது. கில்லம் அதற்குப் பிறகு பல வருடங்கள் பொறியாளர் கூட்டங்களில் இந்த விபத்தைப் பற்றித் தானே எழுந்து பேசினார். அவரைப் பற்றி என்ன நினைத்தாலும், அப்படிப் பேசியதை நான் மதிக்கிறேன். வெளியே இருந்து ஆராய்ந்த எவராலும் சொல்ல முடியாத ஒன்றை, அந்த வரைபடம் தன் அலுவலகத்தின் வழியாக எப்படி யார் கண்ணிலும் படாமல் போனது என்பதை, அவரால்தான் சொல்ல முடிந்தது.

அந்த ஆய்வகத்துக்கு 1988இல் பெயர் மாறியது. இப்போது நிஸ்ட் என்ற சுருக்கப் பெயரில் அறியப்படுகிறது. 2021 ஜூன் 24 அன்று ஃப்ளோரிடாவின் சர்ஃப்சைடில் 12 மாடிக் குடியிருப்பு ஒன்றின் பாதி நள்ளிரவுக்குப் பின் விழுந்து 98 பேர் இறந்தபோது, மறுபடி அவர்களே வந்தார்கள். அப்போதும் முதல் நாளே விளக்கங்கள் வந்தன. கடல் உப்பு அரித்தது, நிலம் தாழ்ந்தது, பக்கத்து மனையில் கட்டடம் கட்டிய அதிர்வு. குழுவினர் தூணும் தளமும் சேரும் இணைப்புகளை மாதிரியாக வார்த்து, உடையும் வரை பாரம் ஏற்றினார்கள். நீச்சல் குளத்தை ஒட்டிய தளத்தில், தூணும் தளமும் சேரும் இடங்கள் 1981இல் கட்டி முடிக்கும்போதே அன்றைய விதி கோரிய பலத்துக்குக் கீழே இருந்தன என்று கண்டார்கள். அந்தத் தளத்தின் மேல் பிற்காலத்தில் கனமான செடித் தொட்டிகளும், மணல் பரப்பி அதன் மேல் பதித்த தரைக் கற்களும் வந்து சேர்ந்திருந்தன. முதல் வரைபடத்தில் அவை இல்லை. அவற்றின் எடையையும் ஒவ்வொன்றாகக் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது.